சீர்வரிசையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

சண்முகப்பிரியாவுக்குக் கல்யாணம் முடிவானதும், சீருக்கு உனக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். ஒப்புக்குக் கேட்டதுதான். கட்டில், பீரோ, கிரைண்டர், மிக்ஸி, பித்தளை அண்டா என்று அவளுடைய அம்மா ஞானாம்பாள் மனசுக்குள் ஏற்கெனவே கடைவீதி முழுக்க ஏறி இறங்கி முடித்திருந்தாள். பெண் கொஞ்சம் வெட்கப்பட்டு, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பெண் வெட்கப்படவில்லை.

"எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்மா. அதுல நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டு வேணும்."

ஞானாம்பாளுக்கு முதல் வாக்கியமே செரிக்கவில்லை. இரண்டாவது வாக்கியம் காதிலேயே விழவில்லை. இந்தக் கதை அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியது.

சண்முகப்பிரியா திருப்பூருக்குப் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி யூனிட்டில் பஞ்சிங் ஆபரேட்டர். வெளிநாட்டுக்காரன் கரடிக்குட்டி, பூங்கொத்து, பாய்மரப் படகு என்று படம் அனுப்புவான். ஊசி எங்கே குத்த வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், நூல் எங்கே அறுபட வேண்டும் என்று அதைக் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக மாற்றிக் கொடுப்பது அவள் வேலை. காலையில் கம்பெனி வேன் ஊத்துக்குளி ரோட்டில் வந்து ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிடும். கிருத்திகை தவறாமல் முருகன் கோயில், வருஷத்துக்கு ஒரு முறை பழனி. எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லாமல் அவள் தெருமுனையைக்கூடத் தாண்டியதில்லை. கொடுமைக்காரக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் இதே மூன்று கேள்விகள்தான். கேட்கிறவர்களும் பாசமாகத்தான் கேட்பார்கள்.

இப்படி இருந்தவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் ஒரு கார் விளையாட்டு கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். மற்றவர்களோடு முட்டி மோதி ஓட்டும் பந்தயம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதில் 'ஃப்ரீ ரைடு' என்று இன்னொன்று இருந்தது. கடற்கரையில் ஒரு சிவப்புக் கார் நிற்கும். அதற்கு முன்னால் ரோடு. அவ்வளவுதான். எங்கே போகிறாய் என்று அதில் யாரும் கேட்பதில்லை. முதல் நாள் அந்தக் காரைக் கிளப்பியபோது அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே மறந்துபோனாள்.

பத்திரிகையில் அந்த விளையாட்டின் படம் ஒரு முழுப்பக்கத்துக்கு வந்திருந்தது. ரோடு வளைந்து வளைந்து போகிறது; வெகு தூரத்தில், ரோட்டின் முடிவில், நீலமாக ஒரு மலை; மலையின் தலையில் வெள்ளையாகப் பனி. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த மலை இல்லை. அதில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது, அதனால் கிட்டத்தில் இருப்பதை மட்டும் காட்டும். நாலு மரம், ஒரு வேலி, அதற்கு அப்பால் எல்லாம் வெள்ளை மூட்டம். கார் போகப் போக மரங்கள் மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக முளைக்கும். பாட்டிலுக்குள் உட்கார்ந்து ஊரைச் சுற்றுவது போல இருந்தது அவளுக்கு. எத்தனை நாள் ஓட்டினாலும் மூட்டம் காரோடு கூடவே வந்தது. மலை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே அதன் மேல் ஏறிப் போக வேண்டும் என்று அவள் ஏங்கினாள். அதைத் தவிர வேறு எதையும் அவள் அந்த நாட்களில் இவ்வளவு ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை, மாப்பிள்ளையைக்கூட.

இதில் அவளுக்கு இருந்த ஒரே கட்சிக்காரர் அப்பா வேலுமணிதான்.

வேலுமணியை வெறும் வேலுமணி என்று கேட்டால் திருப்பூரில் யாருக்கும் தெரியாது. ஜி.எஸ்.எம். வேலுமணி என்று கேட்க வேண்டும். ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்ப்பவர். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜி.எஸ்.எம். அதைப் பார்க்க மற்றவர்கள் துணியை வட்டமாக வெட்டித் தராசில் போடுவார்கள். இவர் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்து, "நூத்தி அறுவது" என்பார். தராசும் அதையே சொல்லும். நம்பர் கூடினால் துணி கனம், கனம் கூடினால் காசு கூட. இது அவருக்கு மூச்சு விடுவது போல.

"கார்டுன்னா மட்டமில்லீங்ளா கண்ணு? கோம்டு கெடைக்காதா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

பஞ்சை ஒரு தடவை மட்டும் சிக்கெடுத்து நூற்றால் அது கார்டு நூல். சீப்பால் வாரி இன்னும் சுத்தம் செய்து நூற்றால் கோம்டு நூல், விலையும் அதிகம். பெண்ணுக்கு மட்டமானதை வாங்கித் தருவானேன் என்பது அவருடைய கவலை. சண்முகப்பிரியா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இது வேறு கார்டு, கம்ப்யூட்டருக்குள் சொருகுவது, படத்தைத் தெளிவாகக் காட்டுவது என்று சொல்லி முடித்தாள். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, "என்ற பொண்ணு கேட்டுட்டா, வாங்கித்தான் ஆகோணும்" என்று சபையில் சொல்லிவிட்டார்.

ஞானாம்பாள் விடவில்லை. "ஏனுங், மண்டபத்துல சீர் பரப்பி வெச்சா வர்ற சனமெல்லாம் சுத்திச் சுத்திப் பாக்கும். பொட்டிக்கு உள்ள கெடக்கற சாமான எவ பாப்பா? அந்தக் காசுக்கு ஒரு ஷோகேஸ் வாங்கலாமில்ல?"

"கழுத்துல போடறது ஊருக்கு. இது எனக்கும்மா" என்றாள் பெண். அதற்குப் பிறகு சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின.

மாப்பிள்ளை குமரன், பக்கத்து ஊரான மங்கலத்தில் விசைத்தறி ஓட்டுபவர். நல்ல மாதிரி, போனில்கூடச் சத்தமாகப் பேசாத மனுஷன். "கம்ப்யூட்டர் வருதுன்னாங்க. தறிக் கணக்குப் போடறதுக்குங்ளா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாள். கணக்குப் போட்ட நேரம் போக மிச்சம் எவ்வளவு நேரம் தனக்குக் கிடைக்கும், எந்த அறையில் வைப்பார்கள், கதவு சாத்திக்கொள்ளலாமா என்பதெல்லாம் மாப்பிள்ளையிடம் கேட்கிற கேள்விகள் இல்லையே.

கம்ப்யூட்டர் கடை பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம். ராஜ்கமல் என்று ஒருவன் நடத்தினான். உசிலம்பட்டிக்காரன், பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, கம்பெனி கம்ப்யூட்டர்களைப் பிரித்து மாட்டிப் பழகி, ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கடை போட்டுவிட்டான். கம்பெனி வேன் அந்த வழியாகவும் வரும். சண்முகப்பிரியா வேன் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம், அம்மாவைக் கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அவனிடம் கார்டு பார்ப்பாள். பத்திரிகைகளில் வந்த ஒப்பீடுகளையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தாள். ரொம்ப உசத்தியான கார்டுகளைப் பார்த்து, இவை நமக்கில்லை என்று ஒதுக்கினாள். ரொம்ப மலிவானவை பெயருக்குத்தான் கார்டு, மலை தெரியாது. நடுவில் இருப்பவற்றில்தான் குழப்பம். ஒரே விலை, ஒரே மாதிரி அட்டைப்பெட்டி, ஒன்றில் 128 எம்.பி. என்று போட்டிருந்தது, இன்னொன்றில் 256.

"அந்தப் பெருச எடுத்துராதீங்க மேடம்" என்றான் ராஜ்கமல். "பேருதேன் பெருசு. எம்.பி.ங்கறது குடோன் மாதிரி. குடோன் எம்புட்டுப் பெருசா இருந்தா என்ன, வாசல் சின்னதா இருந்தா சரக்கு எப்புடி வெளிய வரும்? இந்த 128-க்கு வாசல் ரெண்டு மடங்கு அகலம். ஓடும்போது தெரியும் பாருங்க. அந்த 256-ல வண்டி நின்டு நின்டு போகும்."

அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. மட்டமான, தடிமனான நூலில் நெய்தாலும் துணி கனக்கத்தான் செய்யும். கனத்தை மட்டும் பார்த்து அதை யார் வாங்குவார்கள்?

ஆனாலும் அவள் திருப்பூர்க்காரி. சாம்பிள் பார்க்காமல் திருப்பூரில் ஒரு பொத்தான்கூடத் தைக்க மாட்டார்கள். "போட்டுக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றாள். ராஜ்கமலும் மறுக்கவில்லை. ஒரு காலேஜ் பையனுக்காக அதே 128 கார்டு போட்டு ஒரு மெஷின் தயாராக இருந்தது. அவளுடைய சி.டி.யையே அதில் போட்டு, "பாத்துக்கங்க" என்று நாற்காலியை இழுத்து விட்டான்.

கடற்கரை வந்தது. சிவப்புக் கார் வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மலை நின்றுகொண்டிருந்தது.

பத்திரிகைப் படத்தில் இருந்ததைவிடச் சின்னதாக, ஆனால் நிஜமாக. மூட்டம் எங்கேயும் இல்லை. வயல்கள், வயல்களுக்கு நடுவில் ஒரு காற்றாலை, ஒரு ஏரி, அதற்கும் அப்பால் இன்னும் வயல்கள், எல்லாம் தாண்டி மலை. அவள் கீபோர்டில் அம்புக்குறிச் சாவியை அழுத்தினாள். கார் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. மலை அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. வாசலில் அம்மா யாரிடமோ பித்தளை விலை கேட்டுக்கொண்டிருந்தாள், பஸ்கள் ஹாரன் அடித்தன, சண்முகப்பிரியாவின் காதில் ஒன்றும் விழவில்லை. ஒரு பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டியதும் எஞ்சின் சத்தம் மாறியது. ரோடு ஏற ஆரம்பித்துவிட்டது. முதல் கொண்டை ஊசி வளைவு கண்ணுக்குத் தெரிந்தது.

கரண்ட் போய்விட்டது.

"மெயின்டனன்ஸ் மேடம். சாயங்காலம்தேன் வரும்" என்றான் ராஜ்கமல். கறுத்துப்போன திரையில் அவளுடைய முகம்தான் தெரிந்தது. வேன் வந்து ஹாரன் அடித்தது.

"இதையே ஆர்டர் சொல்லுங்க. இந்த 128 தான் எனக்கு வேணுமுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அன்று யூனிட்டில் ஒரு கரடிக்குட்டியின் காதில் நூல் மாறிப்போனது. சூப்பர்வைசர் என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

அந்தக் கார்டு கையிருப்பில் இல்லை. கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும். மெஷினை மட்டும் ராஜ்கமல் முன்னாலேயே வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டான். கார்டு வந்தால் சொருக வேண்டியது மட்டும்தான். அது அவளுக்கே தெரியும். ஆனால் கார்டு வருவதற்குள் வீட்டு முன்னால் பந்தக்கால் நட்டுவிட்டார்கள். பந்தக்கால் நட்ட பிறகு கல்யாணப் பெண் வாசலைத் தாண்டக் கூடாது. வேலைக்கும் லீவு சொல்லியாகிவிட்டது. எனவே கார்டு வந்திருக்கிறது என்று கடையிலிருந்து போன் வந்தபோது, போனவர் வேலுமணி.

"128, அப்பா. மறக்காம 128-ன்னு சொல்லி வாங்கோணுமுங்க" என்று மூன்று முறை சொல்லி அனுப்பினாள்.

"எனக்கே நம்பர் சொல்லித் தர்றியா கண்ணு?" என்று சிரித்துக்கொண்டே அவர் டி.வி.எஸ். ஃபிப்டியை உதைத்தார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அட்டைப்பெட்டியைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்; அதைப் பார்த்த உடனேயே அவள் கண் பெட்டியில் நம்பரைத் தேடியது.

"கண்ணு, நீ 128 சொன்ன. ராஜ்கமல் இல்ல, ஊர்ல கோயில் பொங்கல்னு போயிட்டானாம். அவன்ற கூட்டாளிதான் இருந்தான். ரெண்டும் எடுத்துப் போட்டான். வெலையக் கேட்டா, ரெண்டும் ஒரே வெல! நான் உட்டுருவனா? 128 வேணாம், 256-ஐ எடுறான்னு வாங்கீட்டு வந்துட்டேன். டபுள் ஜி.எஸ்.எம்., கண்ணு! கையில வாங்கிப் பாத்தேன், கனமும் கூடத்தான் இருக்குது."

அவர் பெட்டியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தது. சூடு ஆற்றுவதற்காக மேலே பெரிய அலுமினியத் தகடு ஒன்றை மாட்டியிருந்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. மூன்று தடவை சொல்லி அனுப்பினேனே, சொன்னதை வாங்கி வந்தால் என்ன என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வேலுமணி அதற்குள் தண்ணீரைக் குடித்துவிட்டு, பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களிடம் போய்விட்டார். "ஒரே வெலைக்கு டபுளு" என்ற அவருடைய குரல் உள்ளே வரை கேட்டது.

கார்டைச் சொருகினாள். ஒருவேளை ராஜ்கமல் சொன்னது தப்பாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. மலை வந்தது. சாவியை அழுத்தினாள். கார் ஒரு எட்டு வைத்து நின்றது, இன்னொரு எட்டு வைத்து நின்றது. திருப்பினால் ரோடு முழுவதும் உதறியது. எவ்வளவு தூரம் வரைக்கும் காட்ட வேண்டும் என்று விளையாட்டிலேயே ஓர் அளவு இருந்தது, அதைக் குறைத்துப் பார்த்தாள். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஆனால் மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன மூட்டம். மலை வேண்டுமென்றால் நின்றுகொண்டு பார்க்கலாம். போக வேண்டுமென்றால் பார்க்காமல் போகலாம். இந்தக் கார்டில் அவ்வளவுதான்.

மதியம் ராஜ்கமலின் செல்லுக்குப் போன் போட்டாள். அவன் ஊரிலிருந்தே பதறினான். "அய்யய்யோ, உங்களுக்குன்னுதேன எடுத்து வச்சேன்! சீல் பிரிச்சாலும் பரவால்ல மேடம், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள யாரையாச்சும் குடுத்துவிடுங்க. மாத்தித் தரச் சொல்றேன். அதுக்கு மேல வேற ஆளு கேட்டுட்டு இருக்காரு."

யாரையாவது. வீட்டில் அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை. அம்மாவிடம் சொன்னால் ஷோகேஸிலிருந்து ஆரம்பிப்பாள். மிச்சம் இருப்பது அப்பாதான். மாற்றி வாங்க வேண்டுமென்றால், நீங்கள் வாங்கியது தப்பு என்று அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். போன வருஷம் மழைக்காலத்தில் நடந்ததை அவள் பார்த்திருந்தாள். ஒரு லாட் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, நூற்றெண்பது என்று சொல்லி வேலுமணி அனுப்பிவிட்டார். துணி ஈரம் குடித்திருந்தது. வெட்டித் தைத்த பிறகு எடை குறைந்து, மொத்தமும் திரும்பி வந்தது. முதலாளி பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. வேலுமணிதான் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போனது. அப்பா அப்படி உட்கார்ந்து அவள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. இன்னொரு முறை பார்க்கவும் அவளுக்குத் தெம்பு இல்லை.

இருந்தாலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து மறுநாள் காலையில் திண்டாடித் திண்டாடி வாசல் வரைக்கும் வந்தாள். பந்தலில் மங்கலத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்தார். "உள்ள இருக்கற சாமான்தானுங்க விசேசம். வெளிய பாத்தா தெரியாதுங்க. எல்லாரும் 128 போடறாங்க, நானு என்ற பொண்ணுக்கு 256 போட்டிருக்கறனுங்க" என்று வேலுமணி சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி மரியாதையாகத் தலையாட்டினார். சம்பந்திக்கும் தறிக்காரத் தலைதானே. 256 என்ற நம்பர் அவருக்கும் கனமாகத்தான் பட்டிருக்கும்.

சண்முகப்பிரியா நிலையில் கை வைத்தபடி நின்றாள். சாயங்காலத்துக்குள் என்று ராஜ்கமல் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு அந்தப் பாலம் வேண்டும், அந்த முதல் வளைவு வேண்டும். இந்த மனுஷனின் முகத்தில் இருக்கிற வெளிச்சமும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று நின்று நின்று யோசித்தாள். இல்லை. "என்ன கண்ணு?" என்றார் வேலுமணி, அவளைப் பார்த்துவிட்டு.

"ஒண்ணுமில்லீங்கப்பா. காபி போடட்டுங்ளான்னு கேக்க வந்தேன்."

சாயங்காலம் வந்தது, போனது. ராஜ்கமலின் நம்பரிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. அவள் எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், சீர் சாமான்களை மண்டபத்துக்கு ஏற்ற டெம்போ வந்து நின்றது. கட்டில் ஏறியது, பீரோ ஏறியது. கம்ப்யூட்டரைக் கடைசியாக ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மருதாணி காய்ந்த கையோடு அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேலுமணி உள்ளே வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாருகிட்டயும் சொல்லீட்டுத் திரியறேன், நானு இன்னும் பாக்கவே இல்ல கண்ணு. காட்டு, பாக்கலாம்."

அவள் கடற்கரையை எடுத்தாள். காட்டும் தூரத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்தாள். காரை அசைக்காமல் அப்படியே நிற்க வைத்தாள். மலை வந்து நின்றது.

வேலுமணி வாயைப் பிளந்துவிட்டார். "அட முருகா! இத்தன தூரம் தெரியுதா?" திரைக்குக் கிட்டத்தில் குனிந்தார். "பழனியாட்டமே இருக்குது பாரு. மேல வெள்ளையா என்ன கண்ணு அது, விபூதியா?"

"பனிங்கப்பா."

"பனியா!" அவர் விரலை நீட்டித் திரையில் மலையின் தலையைத் தொட்டார். அவள் திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். தான் இத்தனை நாளாக ஏங்கிக் கிடந்ததை இன்னொருவர் கண்ணும் இப்படி விரிந்து பார்ப்பதைக் கண்டபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது பொய் இல்லை.

"கிட்டக்க போ கண்ணு. மேல ஏறிப் பாக்கலாம்."

அவளுடைய விரல் சாவியின் மேல் இருந்தது. நாள் முழுவதும் ஓடுகிற துணியில் ஊசி விட்டுப்போன ஒற்றைக் கோட்டைக்கூடக் கண்டுபிடிக்கிற கண்கள் அப்பாவுக்கு. கார் ஒரே ஒரு எட்டு வைத்தால் போதும்.

"பெட்ரோல் இல்லீங்கப்பா."

"பொம்மக் காருக்குமா பெட்ரோல்?"

"ஆமாங்கப்பா. தீந்துருச்சுங்க."

வேலுமணி விழுந்து விழுந்து சிரித்தார். "செரி உடு. மங்கலத்துல போயி ஊத்திக்க. டபுள் ஜி.எஸ்.எம். போட்டிருக்குது, எத்தன தூரம் வேண்ணாலும் தாங்கும்." எழுந்து, அவள் தலையில் ஒரு முறை கையை வைத்து எடுத்துவிட்டு, டெம்போக்காரனைச் சத்தம் போட வாசலுக்குப் போனார்.

அவர் செருப்பைப் போடும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தாள். பிறகு சாவியை அழுத்தினாள்.

கார் ஒரு எட்டு வைத்து நின்றது. மலை ஒரு துளி கிட்ட வந்தது. தூரத்தைக் குறைத்தால் சுகமாக ஓட்டலாம் என்று கை அந்தப் பக்கம் போனது, இழுத்துக்கொண்டாள். மூட்டத்துக்குள் ஓட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரே போதும். அவளுக்கு மலை வேண்டும். நின்று நின்று போனாலும் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். காற்றாலை உதறிக்கொண்டு வந்தது. ஏரி இரண்டு தாவலில் கடந்து போனது. பாலம் இன்னும் எங்கேயோ இருந்தது.

"சம்முகா! சீக்கிரம் வா சாமி, பொட்டியக் கட்டறதுக்கு ஆளு நிக்கறாங்க" என்று ஞானாம்பாள் கூப்பிட்டாள்.

"இதா வர்றேம்மா" என்றாள். எழவில்லை. இன்னும் ஒரு எட்டு. இன்னும் ஒன்று. அறை வாசலில் கயிறும் சாக்குமாக இரண்டு பேர் வந்து நின்று, பெண் எழட்டும் என்று மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃப்ரீ ரைடில் போன தூரத்தைச் சேமித்து வைக்கிற வசதி கிடையாது. அடுத்த முறை கடற்கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெளியேறவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டு, காரை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.